வைப்பாரில்லாத நெருப்பு



நெருப்பில்லாமல் புகையாது என்பது நம் முதுமொழி. புகையைக் கண்டால் நெருப்பைத் தேடுகின்றோம். நெருப்பைக் கண்டால் அதனை வைத்தவரைத் தேடுகின்றோம். ஆயினும் வைப்பார் ஒருவருமின்றியே நெருப்புப் பிறப்பதுண்டு. பொறியும் படாமல், தணலும் தொடாமல், குவித்து வைத்த பொருள் தன்னுள்ளேயே சூடேறி ஒருநாள் எரியத் தொடங்கும். இதனைத் தன்னெரிவு என்பர். எந்தப் பொருள் இவ்வாறு எரியும், எத்துணைச் சூட்டில் எரியும் என்பதை முன்கூட்டியே சோதித்தறிய மனிதர் மேற்கொண்ட முயற்சியின் வரலாற்றையே இன்று உங்கள் முன் வைக்க விரும்புகின்றேன்.

இது தொலைதூரத்து ஆய்வுகூடங்களுக்கு மட்டும் உரிய செய்தியன்று. சாகாமக் குளத்தின் கீழ் வேளாண்மை செய்வோர், ஈரம் உலராத வைக்கோலைப் போராகக் குவித்தால் அதன் உட்புறம் சூடேறி ஆவி கிளம்புவதை அறிவர். திருக்கோவில், தம்பிலுவில் முதலிய கரையோர ஊர்களில் தென்னையோடு வாழ்வோர், நன்கு காயாத கொப்பராவை மூட்டையாகக் கட்டி அடுக்கினால் அது வெந்து நாறும் என்பதை அறிவர். இவ்விரண்டிலும் முதலில் வேலை செய்பவை கண்ணுக்குப் புலனாகாத நுண்ணுயிர்கள். அவை ஏறத்தாழ எழுபது பாகை வரை பொருளைச் சூடாக்கி விட்டுத் தாமே மடிந்து போகின்றன. அதன் மேல் ஒட்சிசன் தன் வேலையைத் தொடங்குகின்றது. ஒட்சிசன் கலக்குந்தோறும் வெப்பம் பிறக்கின்றது. வெப்பம் மிகுந்தோறும் ஒட்சிசன் விரைந்து கலக்கின்றது. பத்துப் பாகை கூடினால் இத்தகைய மாற்றத்தின் விரைவு ஏறத்தாழ இருமடங்காகும் என்பது இரசாயனம் கற்பிக்கும் பொது விதி. பிறக்கும் வெப்பம் வெளியேறும் வெப்பத்தை மிஞ்சும் வரை தீங்கில்லை. மிஞ்சிய பின்னர் அதனைத் தடுத்தல் எளிதன்று.

இந்த உண்மையை மனிதர் வேண்டுமென்றே சோதித்துப் பார்த்த முதற் சந்தர்ப்பங்களுள் ஒன்று உருசிய நாட்டில் நிகழ்ந்தது. 1781 ஆம் ஆண்டில் கிரோன்ஸ்டாட் துறைமுகத்தில் நின்ற மரியா என்னும் போர்க்கப்பலில் தீ மூண்டது. தீ மூண்ட இடத்தில் அடுப்பும் இல்லை, விளக்கும் இல்லை. அக்காலத்தில் ஒரு போர்க்கப்பல் எரிந்தால் ஐயம் முதலிற் செல்வது சதிகாரர் மீதே. ஆயினும் ஆராய்ந்தபோது, வண்ணம் பூசுவதற்காகப் புகைக்கரியையும் சணல்வித்து எண்ணெயையும் கலந்து கட்டி வைத்த ஒரு பொதி அங்கு இருந்தமை தெரிய வந்தது. இவ்விரண்டும் சேர்ந்து தாமே எரியுமா? பேரரசி கதரீனின் ஆணைப்படி அந்நாட்டு விஞ்ஞானக் கழகத்தார் அதே கலவையை அதே முறையிற் கட்டி வைத்துக் காத்திருந்தனர். பொதி சூடேறியது, புகைந்தது, எரிந்தது. குற்றவாளியைத் தேடிய விசாரணை ஒரு சோதனையாக மாறியது. சோதனை இல்லையேல் யாரோ ஒரு மாலுமியின் தலையில் அப்பழி விழுந்திருக்கவுங்கூடும். ஆகவே இந்தச் சோதனைகளின் வரலாறு தொடக்கத்திலிருந்தே நீதியின் வரலாறாகவும் இருந்து வந்துள்ளது என்று கூறலாம்.

அடுத்த நூற்றாண்டில் நிலக்கரியின் காலம் வந்தது. இங்கிலாந்தின் துறைமுகங்களிலிருந்து நிலக்கரி ஏற்றிய கப்பல்கள் ஆபிரிக்க முனையைச் சுற்றி ஆசியத் துறைகளை நோக்கி வந்தன. அவற்றுட் சில வழியிலேயே எரிந்தன. சில சுவடின்றி மறைந்தன. பிரித்தானிய அரசு ஓர் ஆணைக்குழுவை நியமித்தது. அதன் அறிக்கை 1876 இல் வெளிவந்தது. அக்குழுவினர் கண்டறிந்தவற்றுள் ஒன்று நம் கவனத்திற்குரியது. சிறிய சரக்கு ஏற்றிய கப்பல்களிலும், அதே நிலக்கரியைப் பெருந்தொகையாக ஏற்றிய கப்பல்களில் தீ பல மடங்கு மிகுதியாகக் காணப்பட்டது. பயணம் நீண்டு வெப்ப வலயத்தைக் கடந்து செல்லும்போது ஆபத்து மேலும் கூடியது. பொருள் ஒன்றே, ஆனால் குவியல் பெரிதாக ஆகத் தீயும் அண்மிக்கின்றது. இக்காரணத்தை விளக்கும் கணக்கு அன்று எவரிடமும் இருக்கவில்லை. 1883 இல் பலஸ்தீன் என்னும் கப்பல் நியூகாசில் நிலக்கரியோடு பாங்கொக் நோக்கி வந்து, சுமாத்திரா அருகே பங்கா நீரிணைப் பகுதியில் எரிந்து கைவிடப்பட்டது. அதில் இரண்டாம் துணைவராக இருந்த இளைஞரே பின்னர் ஆங்கில நாவலாசிரியராகப் புகழ் பெற்ற ஜோசப் கொன்ராட். ஆணைக்குழு அறிக்கை வெளிவந்து ஏழாண்டு கழிந்த பின்னரும் கப்பல்கள் எரிந்துகொண்டுதான் இருந்தன.

கடலில் நிலக்கரி எரிந்த அதே காலத்தில் நிலத்தில் நெசவாலைகள் எரிந்தன. கம்பளி மயிரைச் சீவுமுன் அதற்கு எண்ணெய் பூசுவது வழக்கம். மலிவான எண்ணெய் பூசிய கம்பளிக் குவியல்கள் இரவில் தாமே தீப்பற்றின. இதற்கு விடையாக, 1890களில் லீட்ஸ் நகரில் மக்கே என்பவர் ஓர் எளிய கருவியை அமைத்தார். இருசுவர்ப் பாத்திரம் ஒன்றின் புறவறையிற் கொதிநீர். உள்ளே கம்பிவலைக் குழல். குழலுக்குள் எண்ணெயில் தோய்த்த பஞ்சு. பஞ்சின் நடுவே வெப்பமானி. ஒருமணி நேரத்துள் வெப்பமானி நூறு பாகையைத் தாண்டி ஏறினால் அவ்வெண்ணெய் ஆபத்தானது. கொதிநீரின் சூடு நூறு பாகைதான். அதற்கு மேல் ஏறிய சூடு எண்ணெய் தானே ஈன்ற சூடு. இவ்வளவே தத்துவம்.

ஆளிவித்து எண்ணெய் போன்று காற்றில் உலர்ந்து தோலாகும் எண்ணெய்கள் இச்சோதனையில் விரைவாகத் தோற்கும். அவை ஒட்சிசனை ஆவலோடு பற்றுவன. நம் தேங்காயெண்ணெய் அவ்வாறன்று. அதன் கொழுப்பு பெரும்பாலும் நிரம்பிய கொழுப்பாதலின் ஒட்சிசன் அதனை எளிதிற் பற்றாது. ஆயினும் தச்சர் பட்டறைகளில் ஆளிவித்தெண்ணெய் துடைத்த துணிகளைச் சுருட்டி மூலையில் எறியும் வழக்கம் நம்மிடையேயும் உண்டு. அதன் விளைவு யாதாகலாம் என்பதை 1991 பெப்ரவரி 23 ஆம் நாள் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரம் கண்டது. 38 மாடிக் கட்டடம் ஒன்றின் 22 ஆம் மாடியில் அத்தகைய துணிக் குவியல் தானே எரியத் தொடங்கியது. தீயணைப்பு வீரர் மூவர் உயிரிழந்தனர். துணியை விரித்துக் காயப் போட்டிருந்தால், அன்றி மூடியுள்ள நீர்த் தகரத்தில் அமிழ்த்தியிருந்தால், அத்தீ பிறந்திராது.

மக்கேயின் கருவி எந்தப் பொருள் கெட்டது என்று கூறியது. ஏன் பெரிய குவியல் மட்டும் எரிகின்றது என்று கூறவில்லை. அதற்கு விடை உருசியாவிலிருந்தே மீண்டும் வந்தது. 1928 இல் நிக்கொலாய் செமியோனொவ், வெப்பம் பிறக்கும் விரைவையும் இழக்கும் விரைவையும் இரு கோடுகளாக வரைந்து, அவை தொடும் இடமே தீயின் எல்லை என்று காட்டினார். எதிர்வினைகள் நிகழும் வகை பற்றிய ஆய்வுக்காக 1956 இல் ஹின்செல்வூட்டுடன் சேர்ந்து நோபெல் பரிசு பெற்றவர் இவரே. 1939 இல் டேவிட் பிராங் கமெனெட்ஸ்கி அக்கணக்கைத் திண்மப் பொருட் குவியலுக்கு விரித்தார். குவியலின் நடுவிற் பிறந்த சூடு பொருளின் ஊடாகவே மெல்ல நடந்து வெளியே வரவேண்டும். குவியல் தடித்தால் நடை நீளும் என்பது அவர் கணக்கின் உட்கிடை.

இதனை வகுப்பறைக் கணக்காகச் சொல்லின் எளிதாகும். பத்துச் சென்ரிமீற்றர் பக்கமுள்ள சதுரமுகிப் பெட்டி ஒன்றில் ஆயிரம் கனசென்ரிமீற்றர் பொருள் அடங்கும். சூடு வெளியேறும் முகப்பரப்பு அறுநூறு சதுரசென்ரிமீற்றர். மூன்று மீற்றர் பக்கமுள்ள பெட்டியில் இருபத்தேழு கனமீற்றர் பொருள் அடங்கும். அதன் முகப்பரப்பு ஐம்பத்துநான்கு சதுரமீற்றர். பொருள் இருபத்தேழாயிரம் மடங்கு பெருகியது. சூடு வெளியேறும் வாயில் தொள்ளாயிரம் மடங்கே பெருகியது. ஒவ்வொரு பிடிப் பொருளுக்கும் கிடைக்கும் வாயில் முப்பதில் ஒரு பங்காய்ச் சுருங்கியது. இன்னும் நடுவிலுள்ள பொருள் வாயிலிலிருந்து முப்பது மடங்கு தொலைவில் இருக்கின்றது. இதுவே 1876 இன் ஆணைக்குழு கண்டு வியந்த புதிரின் விடை.

இனி இன்றைய சோதனைகளைக் காண்போம். புதிய திண்ம இரசாயனப் பொருள்களுக்கு ஐரோப்பிய நாடுகள் விதித்துள்ள சோதனை ஒன்று பின்வருமாறு நடைபெறும். இருபது மில்லிமீற்றர் பக்கமுள்ள, நுண்ணிய கம்பிவலையாலான சதுரமுகிக் கூடையிற் பொருளைத் தளர்வாக நிரப்புவர். அதனைச் சூடான காற்று சுழலும் அடுப்பின் நடுவே, அறைவெப்பத்திலிருந்து தொடங்கி, நிமிடத்துக்கு அரைப் பாகை வீதம் சூடேற்றுவர். அடுப்புக்கு ஒரு வெப்பமானியும் பொருளின் நடுவுக்கு ஒரு வெப்பமானியும் உண்டு. நெடுநேரம் இரண்டும் உடன் செல்லும். பின் ஒரு கட்டத்திற் பொருளின் வெப்பமானி அடுப்பை முந்தத் தொடங்கும். பொருள் நானூறு பாகையைத் தொட்டபோது அடுப்பு எத்தனை பாகையில் நின்றதோ, அதுவே அப்பொருளின் ஒப்பீட்டுத் தன்னெரி வெப்பநிலை. அடுப்பு நானூறு பாகை வரும் வரை அல்லது பொருள் உருகும் வரை சோதனை நடைபெறும். வெடிக்கும் பொருள்களையும், அறைவெப்பத்திலேயே காற்றுப் பட்டதும் எரிவனவற்றையும் இச்சோதனைக்கு உட்படுத்தலாகாது என்பது விதி.

ஒப்பீட்டு என்னும் அடைமொழியை நேயர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். ஒரு பொருளுக்கு இருநூற்றைம்பது பாகை என்று சோதனை கூறினால், அப்பொருளின் பெருங்குவியல் இருநூற்றைம்பது பாகை வரை அஞ்சாமல் இருக்கலாம் என்று பொருளன்று. இருபது மில்லிமீற்றர்க் கூடையில் அது அவ்வாறு நடந்துகொண்டது என்பதே பொருள். பொருள்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டு வரிசைப்படுத்த அந்த எண் உதவும். கிட்டங்கியின் பாதுகாப்பு எல்லையாக அதனைக் கொள்ளலாகாது.

பெருங்குவியலைக் கருதி அமைந்த சோதனை ஐக்கிய நாடுகள் நிபுணர் குழுவினது. அபாயகரமான சரக்குகளின் போக்குவரத்துப் பற்றி அக்குழுவின் பரிந்துரைகள் 1956 இல் முதலில் வெளிவந்தன; சோதனை நூல் 1984 இல் ஏற்கப்பட்டது. அதன்படி, பத்துச் சென்ரிமீற்றர்ச் சதுரமுகிக் கம்பிக் கூடையிற் பொருளை நிரப்பி, நூற்றுநாற்பது பாகையில் இருபத்துநான்கு மணிநேரம் அடுப்பில் வைப்பர். அப்பொருள் தானே எரிந்தாலோ, அடுப்பைவிட அறுபது பாகை மேலேறினாலோ, அது தன்வெப்பமுறும் பொருளென்று வகுக்கப்படும். இரண்டரைச் சென்ரிமீற்றர்ச் சிறு கூடையிலும் அவ்வாறே நடப்பின் அது கூடுதல் ஆபத்துடையது.

ஏன் நூற்றுநாற்பது பாகை என்ற வினா எழும். இங்கேதான் நம் நாட்டோடு ஓர் உறவு வெளிப்படுகின்றது. அந்த எண்ணுக்கு அளவுகோலாக நிபுணர்கள் கொண்ட பொருள் கரி. இருபத்தேழு கனமீற்றர்க் குவியலாகக் கிடக்கும் கரி ஐம்பது பாகையிலேயே தன்னெரிவுக்கு உட்படும் என்பது கணக்கு. நடுவெயிலில் மூடிக் கிடக்கும் இரும்புக் கொள்கலனுக்குள் ஐம்பது பாகை என்பது அரிதான சூடன்று. மூன்று மீற்றர்க் குவியலின் ஐம்பது பாகைக்கு நிகராகப் பத்துச் சென்ரிமீற்றர்க் கூடைக்கு வேண்டுவது நூற்றுநாற்பது பாகை. நாள்கள் பலவும் தொன்கள் பலவும் வேண்டிய சோதனை ஒரே நாளில், ஒரு கையளவு பொருளில் முடிகின்றது. மலையை மடியிற் கட்டி வந்து சோதிக்க இயலாது. ஆகவே சிறு கூடையின் சூட்டை உயர்த்திப் பெருங்குவியலின் நிலையை உண்டாக்குகின்றனர்.

இலங்கையில் தேங்காய்ச் சிரட்டையைச் சுட்டுக் கரியாக்குகின்றோம். அக்கரியிலிருந்து ஆக்கப்படும் உயிர்ப்பூட்டிய கரி, நீரையும் வாயுக்களையும் தூய்மை செய்வதற்காகப் பல நாடுகளுக்கு ஏற்றுமதியாகின்றது. கரியின் சிறப்பும் ஆபத்தும் ஒரே ஊற்றிலிருந்து வருவன. எண்ணற்ற நுண்துளைகளால் அதன் உட்பரப்பு மிகப் பெரிது. அப்பரப்பே அழுக்கைப் பற்றுகின்றது. அப்பரப்பே ஒட்சிசனையும் பற்றுகின்றது. சூளையிலிருந்து புதிதாக வந்த கரி ஒட்சிசனைப் பற்றும்போது வெப்பம் பிறக்கின்றது. ஆறாத கரியைச் சாக்கிலிட்டு நெருக்கி அடுக்கினால் அது நெடுநாட் பயணத்தில் எரியக் காத்திருக்கும் குவியலாகும்.

இனி, சோதனை தோற்கும் இடத்தைப் பற்றியும் கூற வேண்டும். முன்னர் நடைமுறையில் இருந்த கடல்வழிப் போக்குவரத்து விதியின்படி, கரி மேற்சொன்ன கம்பிக்கூடைச் சோதனையில் தேறிவிட்டதெனச் சான்றிதழ் பெற்றால் அதனைச் சாதாரணச் சரக்காக அனுப்பலாம். சான்றிதழ் ஒன்று, ஏற்றிய கரி வேறொன்று என்ற நிலை உண்டாயிற்று. ஆய்வுகூடத்துக்குப் போனது நன்கு ஆறிய, தேர்ந்தெடுத்த மாதிரி; கொள்கலனுக்குள் போனது நேற்றுச் சுட்ட கரி. சிலர் கரியென்றே கூறாமல் வேறு பெயரிட்டும் அனுப்பினர். 2015 முதல் 2022 வரையிலான காலத்திற் கரியால் விளைந்த கப்பற்றீ நிகழ்ச்சிகள் குறைந்தது 68 எனக் கப்பல், காப்புறுதி நிறுவனங்களின் கூட்டு வழிகாட்டி கணக்கிட்டது. இதன் பயனாகச் சர்வதேச விதி திருத்தப்பட்டது. 2026 சனவரி 1 முதல், சோதனையில் தேறியதென்ற சான்றைக் காட்டிக் கரியைச் சாதாரணச் சரக்காக அனுப்பும் வழி அடைபட்டது. கரி அபாயகரமான சரக்கென்றே அறிவிக்கப்படல் வேண்டும். காற்றில் ஆறவிடும் முறையைக் கொள்வோர் 14 நாள் ஆறவிட வேண்டும். ஏற்றும் நாளில் கரியின் சூடு 40 பாகையைத் தாண்டலாகாது. கொள்கலனின் மேற்புறத்தில் 30 சென்ரிமீற்றர் வெற்றிடம் விட வேண்டும்.

சோதனையிற் குற்றமில்லை, மாதிரியில் நேர்மை இல்லை. கூடை தன்னுள் இட்ட பொருளைப் பற்றி மட்டுமே உண்மை கூறும். இடப்படாத பொருளைப் பற்றி அது ஏதும் கூறாது.

இன்னும் சில பொருள்கள் ஒட்சிசனையும் வேண்டாமல் தாமே சிதைந்து சூடாகுவன. நைத்திரோ செல்லுலோசு அவ்வினத்தது. ஈரமூட்டி வைத்தால் அடங்கியிருக்கும், உலர்ந்தால் சீறும். 2015 ஆகஸ்டு 12 இரவு சீனத்தின் தியன்ஜின் துறைமுகத்தில் நிகழ்ந்ததை அரசு ஆராய்ந்தபோது, கோடைச் சூட்டில் ஒரு கொள்கலனிலிருந்த அப்பொருளின் ஈரம் வற்றி, அது தானே சூடேறி எரிந்தமையே தொடக்கமென முடிவு கூறப்பட்டது. தீ அடுத்திருந்த அமோனியம் நைத்திரேற்றைப் பற்றியது. 165 பேர் இறந்தனர். எண்மர் காணாமற் போயினர். இறந்தோருட் பெரும்பகுதியினர் தீயணைக்கச் சென்றவர்கள். தம் எதிரே கிடக்கும் சரக்கு இன்னதென்பதைத் தெளிவாக அறியாமலே அவர்களுட் பலர் தீயை எதிர்கொண்டனர். பொருளின் இயல்பு ஆய்வுகூடங்களுக்குத் தெரிந்திருந்தது. தீயின் முன் நின்றவர்களைத்தான் அந்த அறிவு சென்றடையவில்லை.

நம் கரையோரமும் கப்பற்றீயை அறியாததன்று. 2020 செப்ரெம்பர் 3 ஆம் நாள் சங்கமன்கண்டி முனைக்கு அப்பாலுள்ள கடலில் நியூ டயமன்ட் என்னும் எண்ணெய்க் கப்பல் எரிந்தது. மாலுமி ஒருவர் உயிரிழந்தார். 2021 மே மாதத்தில் கொழும்புக்கு வெளியே எக்ஸ்பிரஸ் பேர்ள் எரிந்து, அதன் பிளாத்திக்குக் குருணைகள் மேற்குக் கரையை மூடின. முன்னையதில் இயந்திரப் பகுதியில் தீ எழுந்தது. பின்னையதில் கசிந்த நைத்திரிக்கமிலத்தைச் சுமந்தவாறே கப்பல் நம் கடலுக்கு வந்திருந்தது. இவை நாம் பேசிய தன்னெரிவு வகையைச் சேர்ந்தவையல்ல. ஆயினும் கப்பலில் எது, எந்நிலையில் இருக்கின்றது என்பதை உண்மையாய்ச் சொல்லும் கடமை எல்லாச் சரக்குக்கும் ஒன்றே. அக்கடமை தவறின் மாலுமியின் உயிரோடு, கரையிலுள்ள மீனவனின் வலையும் இழப்புக்கு உள்ளாகின்றது.

மரியாக் கப்பலின் பொதி முதல் இன்றைய கம்பிக்கூடை வரை இருநூற்று நாற்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு இது. அவ்வரலாறு தரும் பாடங்கள் இரண்டு. சிறிய அளவில் அடங்கியிருக்கும் பொருள் பெரிய அளவிலும் அடங்கியிருக்குமென்று நம்புதல் தவறு. சோதனை கூறும் எண்ணை அதன் கூடையின் அளவோடு சேர்த்தே படிக்க வேண்டும். மற்றையது, சோதனைக்குக் கொடுக்கும் மாதிரி சரக்கின் உண்மையான மாதிரியாக இருத்தல் வேண்டும்.

இவ்விரண்டையும் வீட்டளவிலும் கைக்கொள்ளலாம். எண்ணெய்த் துணியைச் சுருட்டி எறியாது விரித்துக் காயவிடுங்கள். கரியை ஆறவிட்டுச் சாக்கிலிடுங்கள். கொப்பராவையும் வைக்கோலையும் உலர்த்திய பின் குவியுங்கள். குவியலின் நடுவே ஓர் இரும்புக் கம்பியைச் செருகிச் சற்றுநேரம் விட்டு எடுத்துத் தொட்டுப் பார்ப்பது நம் உழவர்க்கும் எளிய செயலே. அக்கம்பி கைபொறுக்காச் சூடாயிருப்பின் உடனே அயலவரை அழைத்து, நீரை அருகில் வைத்துக்கொண்டு, ஆள்துணையோடு குவியலைப் பிரிக்க வேண்டும். தனியொருவர் அதன்மேல் ஏறலாகாது. உட்புறம் தணலாகியிருந்தால் காற்றுப் பட்டதும் அது எழும்.

வைப்பாரில்லாத நெருப்புக்கும் காரணம் உண்டு. அக்காரணம் அளந்தறியக் கூடியது. அளந்தறிந்ததை மறையாமற் சொல்வது மனிதரின் பொறுப்பு.